தோளில் பச்சை குத்தும் முன்: ஊசியின் வரலாறு



ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெற்றோரைப் பிரிந்து, சொந்த ஊதியத்தில் வாழத் தொடங்கும் பிள்ளைகளின் ஊர் அது. தோள்பட்டையின் பின்புறம் ஒரு ‘டாட்டூ’ வரைந்துகொள்ளலாமா என்ற ஆசை அவ்வயதில் எழக்கூடியதே. ‘ஹராம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நாம் ஒதுங்கிவிடலாகாது. வரலாற்றையும் எடுத்துரைக்க வேண்டும்.

பச்சை குத்துதல் தமிழகத்திற்குப் புதிதன்று. குறவர் குலப் பெண்கள் அதனைத் தொழிலாகச் செய்துவந்ததை எட்கர் தர்ஸ்டன் 1906இல் பதிவு செய்துள்ளார். மக்கள் அழகுக்காக விரும்பி ஏற்ற அந்த ஊசியைக் கிழக்கிந்தியக் கம்பெனி தண்டனைக் கருவியாக்கியது. வங்காளத்தில் 1797இலும் சென்னை மாகாணத்தில் 1802இலும் வந்த சட்டங்களின்படி, ஆயுள் தண்டனை பெற்றோர் முதலியோரின் நெற்றியில் அவர்களது குற்றம் பச்சை குத்தப்பட்டது. சிங்கப்பூருக்கு நாடு கடத்தப்பட்டோர் அக்குறியைச் சுமந்தே கப்பலேறினர். பிற்காலத்தில் தலைத்துணியைப் புருவம் வரை இறக்கிக் கட்டி அதை மறைத்தனர். 1849இல் அவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது. ஆயினும், குத்தப்பட்டவர்களின் நெற்றியெழுத்து அழியவில்லை. பிரான்சிலும் 1810ஆம் ஆண்டுச் சட்டம் குற்றவாளிகளின் வலத் தோளில் சூட்டுக்கோலால் முத்திரையிட்டது. 1832இல்தான் அது நீங்கியது.

“அவை வற்புறுத்தல், இது எங்கள் விருப்பம்” என்று பிள்ளைகள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் விரும்பிக் குத்தினாலும் வெறுத்துக் குத்தினாலும், குறி ஒரு நாளின் மனநிலையை நிலைநிறுத்துகிறது. மனிதரோ மாறிக்கொண்டே இருக்கிறார். அந்தக் கைதி மனம் திருந்திய பின்னும் அவருடைய நெற்றி பழைய குற்றத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. தவ்பாவின் வாசலைத் திறந்து வைத்திருக்கும் மார்க்கம் நம்முடையது. பச்சை குத்துபவரையும் குத்திக்கொள்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகப் புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதே அங்குச் சுட்டப்படும் காரணம். உடல் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம்.

முன்பே குத்திக்கொண்டு வருந்துவோரும் நம்மிடையே உண்டு. மை தோலுக்கு அடியில் இருப்பதால் அவர்களது உளூவும் தொழுகையும் செல்லும் என்றே அறிஞர்கள் விளக்குகின்றனர். பள்ளிவாசலில் அவர்களுடைய தோலைப் பார்த்து எடைபோட்டால், கம்பெனி செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். ஊசிக்கு முன் அன்போடு அறிவுறுத்துவோம். ஊசிக்குப் பின் கண்ணியத்தோடு அரவணைப்போம்.

வல்ல ரஹ்மான் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.