சோழிக் கணக்கு

1825இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்தார். பதிவு செய்தவர் ஜான் வாரன். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிஷம்தான். வெகுநாள் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். முடிவு நேரம் 52 நிமிஷம் பிசகியதைச் சொல்லாமல் விட்டேன்.

எண்ணை எழுத்தில் பொதிந்து, ஏடில்லாமலே காத்த மரபு சாமான்யமானதல்ல. ஆனால் கணக்கின் காரணம் அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். காரணம் தெரியாதவன் பிழையைத் திருத்துவதெப்படி? சென்னையிலோ 1792 முதலே கும்பினியின் வானாய்வுக்கூடம், கடலோடவும் நாட்டை அளக்கவும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அளந்தவன் ஆண்டான்.

என் பள்ளிக்கூடமும் எனக்குச் சோழிகளைத்தான் தந்தது. விமர்சனம் என்று இங்கே நான் நகர்த்துவதும் அவற்றைத்தானோ?