மூன்று விரல், ஒரே நாடி

பிரெஞ்சு வழியில் படித்ததால் பழைய பிரெஞ்சு நூல்கள் மீது எனக்கு எப்போதும் ஒரு கண். சீனர் நாடி பார்க்கும் கலையைப் பற்றி 1671-லேயே கிரெனோபிள் நகரில் பிரெஞ்சு நூல் ஒன்று அச்சாகியிருக்கிறது.

சீனாவிலோ கி.பி. 3-ஆம் நூற்றாண்டிலேயே வாங் ஷூஹே என்பவர் 24 வகை நாடிகளை வகுத்துவிட்டார். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, மெல்லத் தொட்டும் அழுத்தியும் பார்ப்பார்கள். கடிகாரம் இல்லாத காலம். வைத்தியரின் ஒரு மூச்சுக்கு நான்கைந்து துடிப்பு என்பது கணக்கு. சீன முறையைத் தம் நூலில் எடுத்துச் சொன்ன ஆங்கில மருத்துவர் ஜான் ஃப்ளாயர், 1707-ல் ஒரு நிமிடக் கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணச் சொன்னார். 1860 வாக்கில் பிரெஞ்சுக்காரர் எத்தியேன் ழூல் மாரே, நாடியைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவியையே செய்தார்.

விரலில் படுவது ரத்தத்தின் ஓட்டமல்ல. இதயம் சுருங்கும்போது ரத்தக் குழாயில் பாயும் அலை. வயதாகிக் குழாய் விறைத்தால் அலையின் வேகம் கூடும். வில்நாண் போன்ற நாடி என்று சீனர் சொன்னது இதனோடு ஒத்துப்போகிறது.

ஆனால் மூன்று விரல்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே குழாய்தான். இடக்கையில் முதல் விரலுக்கு இதயம், அடுத்ததற்கு ஈரல், மூன்றாவதற்குச் சிறுநீரகம் என்ற பங்கீட்டுக்கு உடலியலில் ஆதாரம் இல்லை.

ஆகவே நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். நாடி தாளம் தப்பினால் அலட்சியம் வேண்டாம், இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். ஈரலும் சிறுநீரகமும் எப்படியென்று அறிய ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.