ஆட்டம், மாத்திரை, குழாய்த் தண்ணி

தண்ணின்னதும் நம்ம ஊர் 'தண்ணி'ன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது நெசமாவே பச்சைத் தண்ணி பத்தின கதை.

இடம் இங்கிலாந்து. 1988 வாக்குல அங்க 'ஆசிட் ஹவுஸ்' இசை பிச்சுக்கிட்டுப் போச்சு. மான்செஸ்டரின் ஹாசியெண்டா மாதிரி கிளப்கள்ல ராத்திரி முழுக்க ஆட்டம். கூடவே எக்ஸ்டஸி மாத்திரை. 1977-லயே ஹெராயினுக்குச் சமமா 'ஏ' பிரிவுல சேர்த்துத் தடை பண்ணின சரக்குதான். ஆனா தடையை யாரு மதிச்சா?

இந்த மாத்திரை உடம்புச் சூட்டை ஏத்தும். காத்தே இல்லாத நெரிசல்ல மணிக்கணக்கா ஆடினா சூடு இன்னும் ஏறும். இப்படி ஏறித்தான் சில பேர் செத்தாங்க. 1992-ல் டாக்டர் ஜான் ஹென்றியும் அவரோட சகாக்களும் 'லான்செட்' இதழில் ஏழு சாவுகளைப் பத்தி எழுதினாங்க.

அப்ப கிளப் முதலாளிங்க என்ன பண்ணினாங்க? மாத்திரை போட்டவன் பீர் வாங்க மாட்டான், வியாபாரம் படுத்துடுச்சு. அதனால சில கிளப்கள்ல கழிப்பறைக் குழாயை மூடிட்டு, பாட்டில் தண்ணியைக் கொள்ளை விலைக்கு வித்தாங்க!

மான்செஸ்டர்ல 'லைஃப்லைன்'ங்கற அமைப்பு வேற மாதிரி யோசிச்சது. 'போடாதே'ன்னு சொல்றதோட நிக்காம, போட்டுட்டு வர்றவனும் உயிரோட வீடு திரும்பணும்னு பார்த்தாங்க. இலவசத் தண்ணி, காத்தோட்டம், உக்காந்து ஆற ஒரு அறை - இதெல்லாம் கிளப்ல இருக்கணும்னு 90களின் தொடக்கத்துல பேச ஆரம்பிச்சாங்க. 'இது போதையை ஊக்குவிக்கிற வேலை'ன்னு திட்டும் விழுந்துச்சு.

1995 நவம்பர்ல ஒரு பொண்ணு, தன்னோட 18-வது பிறந்தநாள் விருந்துல, வீட்டுல வெச்சே ஒரு மாத்திரை போட்டுக்கிச்சு. தண்ணி குடிக்கணும்ங்கற அறிவுரையை நம்பி, ஒன்றரை மணி நேரத்துக்குள்ள சுமார் 7 லிட்டர் குடிச்சிடுச்சு. சில நாள்ல உயிர் போயிடுச்சு. சுமார் 1,500 இடங்கள்ல அந்தப் பொண்ணோட படம் போட்ட விளம்பரப் பலகை வெச்சாங்க. ஒரே ஒரு மாத்திரைதான் உயிரைக் குடிச்சதுன்னு அது சொல்லிச்சு. தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை.

விசாரணையில டாக்டர் ஹென்றி விளக்கினார்: இந்த மருந்து சிறுநீர் பிரியறதைத் தடுக்கும். குடிச்ச தண்ணி உள்ளேயே தங்கி, ரத்தத்துல உப்பு நீர்த்துப்போய், மூளை வீங்கிடும். மாத்திரை மட்டும்னாலோ தண்ணி மட்டும்னாலோ பிழைச்சிருக்கலாம். ரெண்டும் சேர்ந்ததுதான் எமன்.

அதுக்கப்புறம் அறிவுரையைத் திருத்தினாங்க. ஆடிக்கிட்டே இருந்தா மணிக்கு ஒரு பைன்ட், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல, அதுவும் சிறுகச் சிறுக. 1997-ல் போதைப் புழக்கம் அதிகமான கிளப்களோட உரிமத்தைப் பறிக்கச் சட்டம் வந்துச்சு. குழாய்த் தண்ணியை இலவசமா தரணும்னு கட்டாய விதி வர்றதுக்கு 2010 ஆயிடுச்சு. அதுவும் எக்ஸ்டஸிக்காக இல்லை, குடியைக் கட்டுப்படுத்த வந்த விதிகள்ல ஒண்ணு.

எனக்குத் தோணினது இதுதாங்க. பயமுறுத்தின பலகையும் பாதி உண்மை, தண்ணி குடின்ன அறிவுரையும் பாதி உண்மை. பிள்ளைகள்கிட்ட 'வேணாம்'னு சொல்றதுதான் முதல் வேலை, சந்தேகமே இல்லை. ஆனா ஏன் வேணாம், உடம்புக்குள்ள என்ன ஆகுதுன்னு முழுசா சொல்லணும். ஏன்னா அரைகுறையா சொன்ன நல்ல வார்த்தையும் ஆளைக் கொல்லும்.

நீங்க என்ன நினைக்கிறீங்க?