முழங்காலில் ஒரு சுரம்

கனடாவில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற என் அத்தான், சென்ற ஆண்டு வெள்ளவத்தைக்கே திரும்பி வந்தார். அவருடைய தளபாடங்களோடு கருநிறப் பெட்டியொன்றும் வந்திறங்கியது. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரம். திறந்து பார்த்தபோது, நான்கு கால்கள் பூட்டி மேசைபோல் நிறுத்தும் ஒரு வாத்தியம் இருந்தது. மேலே பத்துக் கம்பிகள். கீழே மூன்று மிதிகள். மேசையின் அடிப்புறத்திலிருந்து முழங்கால் உயரத்தில் ஐந்து இரும்பு நாக்குகள் தொங்கின. ஆங்கிலத்தில் இதைப் பெடல் ஸ்டீல் கிற்றார் என்பர். அந்த நாக்குகளே முழங்கால் லீவர்கள்.

ஐம்பத்தாறு வயதில் அதைப் பழகத் தொடங்கியிருக்கிறேன். ஏன் என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குரிய பதில் கொட்டாஞ்சேனையில், 1982ஆம் ஆண்டில் இருக்கிறது.

எனக்கு அப்போது 13 வயது. சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, சாந்த லூசியா பேராலயத்துக்கு அப்பாலுள்ள ஓர் ஒழுங்கைக்கு ஹவாய் கிற்றார் பழகப் போவேன். மாஸ்டர் தமிழ்க் கத்தோலிக்கர். இளமையில் நடன இசைக்குழுக்களில் வாசித்தவர். கிற்றாரை மடியில் கிடத்தி, உருக்குத் துண்டொன்றைக் கம்பிகள்மீது வழுக்கிச் செல்வார். வானொலியில் நிகழ்ச்சிகளுக்கு இடையே மிஞ்சும் ஓரிரு நிமிடங்களில் ஹிந்திப் பாடல் மெட்டுகளை அந்த வாத்தியத்தில் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. வான் ஷிப்லி, ஹசாரா சிங் ஆகியோரின் இசைத்தட்டுகள் அவை என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

இந்த வாத்தியம் கடந்துவந்த வழி விசித்திரமானது. ஹவாயில் ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவர் 1880களின் பிற்பகுதியில் உருக்குத் துண்டால் கிற்றார் வாசிக்கும் முறையை வளர்த்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. அதற்குப் போட்டியாக இன்னொரு கதையும் உண்டு. காப்ரியேல் டேவியன் என்பவரே இம்முறையில் முதலில் வாசித்தார் என்றும், அவர் இந்தியாவில் பிறந்து, கப்பல் தலைவன் ஒருவனால் கடத்தப்பட்டு ஹொனலூலு சேர்ந்தவர் என்றும் கூறுவர். அக்கதை மெய்யோ பொய்யோ, தந்தியின்மேல் கட்டையை வழுக்கி இசைப்பது நமக்குப் புதிதன்று. தஞ்சை மரபில் சகாராம ராவ் பேர்பெறச் செய்த கோட்டுவாத்தியம் அவ்வகையே. பின்னர் புதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் நாராயண ஐயங்காரும் அதைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினர்.

1915இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெரும் கண்காட்சிக்குப் பின் ஹவாய் இசை அமெரிக்காவெங்கும் பரவியது. ஹவாயிலிருந்து புறப்பட்ட டாவ் மோ குடும்பத்தார் இரண்டாம் உலகப் போர்க்காலத்தைக் கல்கத்தாவில் கழித்தனர். அந்நகரில் ஹவாய் கிற்றார் வேரூன்றியது. 1967இல் பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இராகம் வாசித்து இசைத்தட்டில் புகழ்பெற்றார். விஷ்வ மோகன் பட், தாம் மாற்றியமைத்த கிற்றாருக்கு மோகன வீணை என்று பெயரிட்டு 1994இல் கிராமி விருது பெற்றார்.

ஆனால் மாஸ்டரின் மனத்தை அரித்த சிக்கல் வேறு. ஜிம் ரீவ்ஸின் பாடல்கள் நம் நாட்டு வீடுகளில் எவ்வளவு ஒலித்தன என்பதை என் வயதுக்காரர் அறிவர். அவ்வழியே அமெரிக்க கன்ட்ரி இசைத்தட்டுகள் பலவும் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்றை மாஸ்டர் திரும்பத் திரும்பப் போடுவார்.

"கேளும் தம்பி. மூன்று கம்பி சேர்ந்து ஒலிக்குது. ரெண்டு அப்படியே நிக்குது. ஒண்டு மட்டும் ஏறுது. கையில கட்டை ஒண்டுதானே? இது எப்படி?"

நியாயமான கேள்வி. நேரான உருக்குத் துண்டை நகர்த்தினால் அதன் கீழுள்ள கம்பிகள் எல்லாம் ஒரே அளவில்தான் ஏறும், இறங்கும். நம் இசைக்கு அது குறையன்று. ஒரு சுரத்தை அடுத்ததோடு இழைத்துக் கமகம் காட்டக் கட்டை போதும். ஆகவே கோட்டுவாத்தியக்காரர் மிதியைத் தேடவில்லை. பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் மேலை இசைக்கு அது போதாது.

அங்கே விடையைப் பட்டறைகள் தேடின. 1948இல் பால் பிக்ஸ்பி, ஸ்பீடி வெஸ்ட் என்ற கலைஞருக்கு மிதிகள் பொருத்திய ஸ்டீல் கிற்றார் செய்துகொடுத்தார். தொடக்கத்தில் ஒரு சுருதியமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறவே மிதி பயன்பட்டது. 1954இல் புகழ்பெற்ற வெப் பியர்ஸின் பாடலொன்றில், பட் ஐசக்ஸ் கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தினார். சுரம் காதெதிரே வளைந்தது. கேட்டவர்கள் திகைத்தனர். பின்னர் பட்டி எமன்ஸ் போன்றோர் அதை நுணுக்கமாக்கினர். கால்கள் போதாதபோது முழங்கால்களும் வேலைக்கு வந்தன.

இதொன்றும் அறியாத மாஸ்டர், ஒருநாள் சைக்கிள் பிரேக் கம்பியொன்றைக் கிற்றாரின் வால்புறத்தில் கட்டி, மறுமுனையில் மரத்துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, முழங்காலால் தள்ளிப் பார்த்தார். சுரம் ஏறியது. ஆனால் திரும்பித் தன் இடத்துக்கு இறங்கவில்லை. சற்றுத் தாழ்ந்தே நின்றது. மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார்.

1983 ஜூலை வந்தது. 25ஆம் தேதி வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தது. என் கிற்றாரும் அதோடு போயிற்று. அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறை போய் இறங்கினோம். பத்தாண்டுகள் கழித்துப் பத்திரிகை வேலைக்காகக் கொழும்பு திரும்பி, ஒருநாள் அந்த ஒழுங்கைக்குப் போனேன். மாஸ்டர் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தனர். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அதோடு விட்டுவிட்டேன். செய்திக்காக எத்தனையோ பேரின் முகவரியைத் தேடி அலைந்தவன், பேராலயத்துப் பதிவேட்டில்கூட ஒரு பெயரைத் தேடவில்லை. காணாமற்போனோரைப் பற்றி எழுதிய என் பேனா இவரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அதற்கு நான் சமாதானம் சொல்லப் போவதில்லை.

இப்போது அத்தான் எனக்குக் கற்பிக்கிறார். இடக்கையில் உருளை. வலக்கை விரல்களில் மீட்டுநகங்கள். வலக்கால் ஒலியளவு மிதியில். இடக்கால் சுரமிதிகளில். இரு முழங்கால்களும் லீவர்களுக்கு இடையில். முதல் மாதம் முழுதும் சுரத்துக்கு முன்பே முழங்கால் ஓடியது. லீவரைப் பார்க்கக் குனிந்தால் உருளை இடம் தவறியது.

"முழங்காலை யோசியாதையும். காதை யோசியும்," என்றார் அத்தான்.

நான் வேறொரு வழி கண்டேன். இவ்வாத்தியத்தின் வழமையான சுருதியில் ஈ என்ற சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டேன். முதல் மிதி பஞ்சமத்தைச் சதுஸ்ருதி தைவதமாக உயர்த்துகிறது. இரண்டாவது மிதி அந்தர காந்தாரத்தைச் சுத்த மத்திமமாக்குகிறது. இடமுழங்காலை இடப்புறம் தள்ளினால் ஷட்ஜமே அரைச்சுரம் ஏறுகிறது. வலப்புறம் தள்ளினால் காகலி நிஷாதத்துக்கு இறங்குகிறது. லீவர்களின் இட ஒழுங்கு வாத்தியத்துக்கு வாத்தியம் மாறலாம். இது அத்தானுடையதன் ஒழுங்கு. நம் இசையில் ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாச் சுரங்கள். இங்கே முதலில் அசைபவை அவை இரண்டுமே.

பயனையும் சொல்ல வேண்டும். ஜி மேஜர் என்ற சுரக்கூட்டை மூன்றாம் கட்டில் மிதியின்றி வாசிக்கலாம். ஆறாம் கட்டில் முதல் மிதியோடு ஷட்ஜத்தை உயர்த்தும் லீவரைச் சேர்த்தாலும் அதுவே வரும். பத்தாம் கட்டில் இரு மிதிகளையும் அழுத்தினாலும் அதுவே. ஒரே இசை, மூன்று வாசல்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்வதிலேதான் இவ்வாத்தியத்தின் அழுகுரல் பிறக்கிறது.

சென்ற கிழமை வாத்தியத்தைக் கவிழ்த்து அதன் அடிப்புறத்தைப் பார்த்தேன். லீவரிலிருந்து தண்டு, தண்டிலிருந்து நெம்பு, கம்பியின் முனையில் ஒரு சுழலும் விரல். அந்த விரலைத் திருப்பி இழுத்து, ஓர் உறுதியான நிறுத்தத்தில் அமர்த்த ஒரு சுருள்வில். மாஸ்டரின் சைக்கிள் கம்பியில் எல்லாம் சரியாகவே இருந்தன. திரும்பி வருவதற்கான வில்லும் நிறுத்தமும் மட்டுமே இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் அவரை அறிந்த யாரேனும் இதை வாசித்தால், அவருடைய கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று அவருடைய பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை நான் அந்தப் பேராலயத்துக்குப் போகிறேன்.