பொதுச் சொத்தாக ஓடிய கார்

இத்தாலியப் பந்தயக் கார்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மனிதரிலிருந்துதான் தொடங்குவார்கள். மாரனெல்லோ என்றால் என்ஸோ ஃபெராரி. போலோன்யா என்றால் மசெராட்டி சகோதரர்கள். டிராக்டர் தொழிலில் சம்பாதித்த பணத்தோடு கார் தயாரிப்பில் இறங்கிய ஃபெருச்சியோ லம்போர்கினி இன்னொருவர். ஆல்ஃபா ரோமியோவின் கதையையும் இதே பாணியில்தான் சொல்லிவருகிறார்கள். யானோ வடிவமைத்தார், நுவோலாரி ஓட்டினார், ஃபாரினாவும் ஃபாஞ்சியோவும் உலகப் பட்டம் வென்றார்கள். அந்தக் கார்களுக்கும் அவற்றைச் செய்த ஆலைக்கும் முதலாளி யார் என்ற கேள்விக்கு இந்தக் கதையில் இடமே இல்லை. 1933 முதல் 1986 வரை, 53 ஆண்டுகள், அந்த முதலாளி இத்தாலிய அரசு. ஆல்ஃபாவின் பாரம்பரியம் என்று இன்று உலகெங்கும் ரசிகர்கள் கொண்டாடும் கார்களில் பெரும்பகுதி ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் பிறந்தவை. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அரசுடைமையாக இருந்ததால்தான் அந்தக் கார்களுக்கு அந்தக் குணம் வாய்த்தது என்பதே என் வாதம்.

தொடக்கம் தனியாருடையதுதான். பிரான்ஸின் தராக் நிறுவனம் இத்தாலியில் கார் விற்கவென்று மிலானின் போர்டெல்லோ பகுதியில் ஓர் ஆலையை நிறுவியது. அந்தச் சிறிய கார்கள் அங்கே விலைபோகவில்லை. 1910 ஜூன் 24 அன்று உள்ளூர் முதலீட்டாளர்கள் ஆலையை எடுத்துக்கொண்டு, லொம்பார்டி கார் தொழிற்சாலை என்ற பொருளில் நான்கு முதலெழுத்துகளைச் சேர்த்து ஆல்ஃபா என்று பெயரிட்டார்கள். மிலான் நகரத்தின் சிவப்புச் சிலுவையும், ஆளை விழுங்கும் விஸ்கோந்தி வம்சத்துப் பாம்பும் சின்னத்தில் ஏறின. 1915இல் நிறுவனம் நிக்கோலா ரோமியோ என்ற பொறியாளரின் கைக்கு வந்தது. போர்க்காலத்தில் குண்டும் கம்பிரஸரும் செய்தது. போர் முடிந்து கார் தயாரிப்புக்குத் திரும்பியது. ஆனால் ரோமியோவுக்குப் பின்னால் நின்ற வங்கி 1921இல் திவாலானது. அப்போதே அரசின் கடன் நிதி உள்ளே வந்துவிட்டது. 1923இல் ஃபியட்டிலிருந்து வந்த விட்டோரியோ யானோவின் பி2 கார், 1925இல் நடந்த முதல் உலக கிராண்ட் பிரீ சாம்பியன் போட்டியை வென்றது. சின்னத்தைச் சுற்றி வாகை மாலை சேர்ந்தது அந்த வெற்றிக்காகத்தான். மாலை சூடிய அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் அப்போதும் கடனில்தான் இருந்தது.

யானோவின் பி2, 6சி, 8சி எல்லாமே 1933க்கு முந்தியவை, அரசு வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. 1931 முதல் 1934 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற 8சி 2300 காரின் மேதைமையில் எந்த அமைச்சகத்துக்கும் பங்கில்லை. ஆனால் அந்தக் கார் மொத்தம் 200கூடச் செய்யப்படவில்லை. பெரும் பணக்காரர்கள் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் தனியே பாடி கட்டிக்கொண்ட காலம் அது. 1929இன் உலகப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு அப்படி வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். இத்தாலியின் பெரிய வங்கிகள் தொழிற்சாலைகளின் பங்குகளைக் கைவசம் வைத்திருந்ததால் ஆலைகளோடு சேர்ந்து அவையும் மூழ்கின. அவற்றைக் காப்பாற்ற 1933இல் உருவானதுதான் ஐ.ஆர்.ஐ. என்ற அரசின் தொழில் மறுசீரமைப்பு நிறுவனம். வங்கிகளின் பங்குகளோடு ஆல்ஃபாவும் அதன் மடியில் வந்து விழுந்தது. மூடிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். அந்த நேரத்தில் மூடியிருந்தால், இன்று ஆல்ஃபா என்பது இஸோத்தா ஃபிராஸ்கினியைப் போலப் பழைய கார் சேகரிப்பாளர்கள் மட்டும் உச்சரிக்கும் பெயராக இருந்திருக்கும். யானோ கொடுத்தது தொடக்கம். அதற்குத் தொடர்ச்சி கிடைத்தது அரசிடமிருந்து.

அரசு அனுப்பிய ஊகோ கொபாட்டோ பந்தய மோகம் கொண்டவர் இல்லை. ஆலையை ஒழுங்குபடுத்தத் தெரிந்தவர். விமான இன்ஜின்களைப் பிழைப்புக்கு ஆதாரமாக்கினார். பந்தயப் பொறுப்பு மொதெனாவில் இயங்கிய ஸ்குதேரியா ஃபெராரியிடம் போயிற்று. அதாவது பின்னாளில் தனிமனித மேதைமையின் அடையாளமாகக் காட்டப்படும் என்ஸோ ஃபெராரி, 1930களில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கார்களைத்தான் பந்தயங்களில் இறக்கிக்கொண்டிருந்தார். 1935இல் நூர்புர்க்ரிங்கில் ஹிட்லர் அரசின் உதவித்தொகையில் உருவான மெர்ஸிடிஸ், ஆட்டோ யூனியன் கார்களை, அவற்றைவிடச் சக்தி குறைந்த பழைய பி3 காரை வைத்து நுவோலாரி முந்தியது இந்த ஏற்பாட்டில்தான். 1937இல் ஜோவாக்கினோ கொலம்போ அதே மொதெனாவில் 158 என்ற பந்தயக் காரை வடிவமைத்ததும் இந்த ஏற்பாட்டில்தான்.

முசோலினியின் ஆட்சிக்குப் பந்தயம் ஒரு விளம்பர மேடை, அரசு பணம் போட்டது அந்த மேடைக்காகத்தான் என்பது இரண்டாவது மறுப்பு. இதைப் பூசி மெழுகக் கூடாது. ஆல்ஃபாவின் இன்ஜின் பூட்டிய சவோயா மார்க்கெட்டி விமானங்கள் ஸ்பெயினில் குண்டு போட்டன. பிற்பாடு நேசநாட்டு விமானங்கள் போர்டெல்லோவையும் தரைமட்டமாக்கின. 1945 ஏப்ரலில், போர் முடிந்த அந்தக் கொதிப்பான நாட்களில், கொபாட்டோ மிலான் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆல்ஃபாவின் நினைவைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் அரசுடைமையின் சிறந்த பலன்கள் சர்வாதிகாரத்தில் விளைந்தவை அல்ல, அதற்குப் பின் வந்த குடியரசில் விளைந்தவை. இடிந்த ஆலையில் தொழிலாளர்கள் முதலில் சமையலடுப்பும் ஜன்னல் ஷட்டரும் செய்து காலந்தள்ளினார்கள். போரில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய 158 கார்கள் மீண்டும் களம் கண்டன. ஒன்றரை லிட்டர், வரிசையாக எட்டு சிலிண்டர், சூப்பர்சார்ஜர் கொண்ட அந்தப் போருக்கு முந்திய கார், 1950இல் தொடங்கிய ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் போட்டியின் முதல் பந்தயத்தில் சில்வர்ஸ்டோனில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. அந்த ஆண்டு ஐரோப்பாவில் நடந்த 6 சாம்பியன் பந்தயங்களில் ஃபாரினா மூன்றையும் ஃபாஞ்சியோ மூன்றையும் வென்றார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை.

1951இல் ஃபாஞ்சியோ பட்டம் வென்ற கையோடு ஆல்ஃபா பந்தயத்திலிருந்து விலகியது. புதிய கார் செய்யப் பணம் ஒதுக்க அரசு தயாராக இல்லை. அரசு முதலாளிக்குத் துணிச்சல் போதாது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. அதே சமயத்தில் போர்டெல்லோவுக்குள் நடந்துகொண்டிருந்ததை அவர்கள் கவனிப்பதில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க வேண்டிய பொறுப்பு ஐ.ஆர்.ஐ.க்கு இருந்தது. வருடத்துக்குச் சில நூறு சொகுசுக் கார்கள் செய்து அத்தனை பேருக்குச் சம்பளம் போட முடியாது. ஓராசியோ சத்தாவின் தலைமையில் 1950இல் வந்த 1900தான் ஆல்ஃபா தொடர் உற்பத்தி முறையில் தயாரித்த முதல் கார். அடுத்தது இன்னும் சிறியதாக, இன்னும் அதிகமாக விற்பதாக இருக்க வேண்டும் என்று முடிவானது. அதுதான் ஜூலியெட்டா.

ஜூலியெட்டா பிறந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். செலவுக்குப் பணம் திரட்ட, ஆல்ஃபாவைத் தன்கீழ் வைத்திருந்த அரசு நிறுவனமான ஃபின்மெக்கானிக்கா பொதுமக்களிடம் கடன்பத்திரம் விற்றது. பத்திரம் வாங்கியவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் புதிய கார் பரிசு என்று அறிவிப்பும் செய்தது. குலுக்கலுக்கு நாள் வந்துவிட்டது, கார் வரவில்லை. நான்கு கதவுக் குடும்பக் காரின் உட்புறத்தில் இரைச்சல் தாங்க முடியவில்லை, சரிசெய்ய மாதங்கள் ஆகும் என்ற நிலை. பொதுமக்கள் பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிர்வாகம் ஒரு மாற்று வழி கண்டது. இன்ஜினும் அடிப்பகுதியும் தயார். அதன்மேல் இரைச்சலைப் பொருட்படுத்தாத வாடிக்கையாளர்களுக்கு ஏற்ற இரண்டு கதவு கூப்பே ஒன்றைச் சீக்கிரம் கட்டிவிடலாம். தூரின் நகரத்துப் பெர்டோனே பட்டறையில் ஃபிராங்கோ ஸ்காலியோனே வரைந்த வடிவத்தைத் தகட்டில் தட்டி எடுத்தார்கள். 1954 தூரின் கண்காட்சியில் ஜூலியெட்டா ஸ்பிரிண்ட் அறிமுகமானபோது ஆர்டர்கள் குவிந்தன. இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் வடிவமைப்பின் உச்சங்களில் ஒன்று என்று இன்று அருங்காட்சியகங்களில் வைக்கப்படும் அந்தக் கார், கடன்பத்திரக்காரர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் அவசரத்தில் உருவானது. தனியார் முதலாளியாக இருந்தால் தேதியைத் தள்ளிப்போட்டிருப்பார், அவ்வளவுதான்.

அந்தக் காரின் மூடியைத் திறந்தால் தெரிவது இன்னும் முக்கியமானது. 1,290 சிசி மட்டுமே உள்ள சிறிய இன்ஜின். ஆனால் சிலிண்டர் பிளாக் அலுமினிய வார்ப்பு. மேலே இரண்டு கேம்ஷாஃப்ட். அந்த நாளில் இந்த அமைப்பைப் பந்தயக் கார்களிலும் விலையுயர்ந்த கார்களிலும்தான் காண முடியும். அதைத் தொடர் உற்பத்தியில், மாதச் சம்பளக்காரரும் மருத்துவரும் கடைக்காரரும் எட்டிப்பிடிக்கக்கூடிய விலையில் ஆல்ஃபா தந்தது. ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட ஜூலியெட்டாக்கள் விற்றன. 1962இல் வந்த ஜூலியா இன்னும் ஒரு படி மேலே போனது. காற்றுச் சுரங்கத்தில் சோதித்த உடல், பின்புறம் வெட்டிவிட்டாற்போன்ற அமைப்பு, ஐந்து கியர். பெட்டி போன்ற அந்த நான்கு கதவுக் கார் அதைவிட விலை கூடிய பல ஸ்போர்ட்ஸ் கார்களை நெடுஞ்சாலையில் எளிதாக முந்தியது. இத்தாலியப் போலீஸ் அதைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். அரசுடைமை ஆல்ஃபாவுக்குச் செய்த பெரும் நன்மையாக நான் கருதுவது இதைத்தான். வேலைவாய்ப்பு என்ற கடமை எண்ணிக்கையைக் கேட்டது. எண்ணிக்கை விலையைக் குறைத்தது. பந்தயத்தில் விளைந்த அறிவு சாதாரணக் குடும்பத்தின் வாசலுக்கு வந்தது. ஃபெராரியும் மசெராட்டியும் அந்தப் பக்கம் போகவே இல்லை. போகாததில் குற்றமில்லை, ஆனால் அவற்றின் பிழைப்பும் ஒன்றும் உறுதியாக இருக்கவில்லை. 1957இல் ஃபாஞ்சியோவுக்குப் பட்டம் பெற்றுத் தந்த மசெராட்டி, அடுத்த ஆண்டே நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் போயிற்று. ஃபெராரி 1969இல் பாதிப் பங்குகளை ஃபியட்டுக்கு விற்றார். லான்சியாவும் அதே ஆண்டு ஃபியட்டிடம் போய்ச் சேர்ந்தது.

கடைசி மறுப்புதான் கனமானது: அத்தனையும் சரி, பிறகு ஏன் சீரழிந்தது? 1968இல் நேப்பிள்ஸ் அருகே பொமில்யானோ தார்க்கோவில் பிரதமர் ஆல்தோ மோரோ அடிக்கல் நாட்டிய ஆல்ஃபாசுத் ஆலையை உடனே சுட்டிக்காட்டுவார்கள். ருடால்ஃப் ஹ்ருஷ்காவும் இளம் ஜூஜாரோவும் உருவாக்கிய அந்தச் சிறிய முன்சக்கர இயக்கக் கார், சாலையைப் பிடித்து ஓடுவதில் அதன் வகுப்பிலேயே தலைசிறந்தது. கூடவே துருப்பிடிப்பதிலும் பெயர் வாங்கியது. வேலைநிறுத்தமும் வேலைக்கு வராதவர்களின் எண்ணிக்கையும் உற்பத்தியை முடக்கின. தெற்கு இத்தாலியின் வறுமையைப் போக்க ஒரு கார் ஆலையைப் பயன்படுத்தியது தவறு என்பது பொதுவான தீர்ப்பு. நான் அப்படி நினைக்கவில்லை. அதே பொறுப்புணர்ச்சிதான் ஜூலியெட்டாவையும் தந்தது. 1950களுக்கும் 1970களுக்கும் இடையே மாறியது எங்கே முடிவெடுக்கப்பட்டது என்பதுதான். முதலில் ஃபின்மெக்கானிக்காவிலும் 1960 முதல் ஆல்ஃபாவின் தலைவராகவும் இருந்த ஜுசெப்பே லுராகி, கவிதையும் எழுதியவர், பொறியாளர்களுக்கும் ரோம் நகரத்து அரசியல்வாதிகளுக்கும் நடுவில் ஒரு தடுப்பாக நின்றார். அவெல்லினோ வட்டாரத்தில் இன்னோர் ஆலை வேண்டும் என்று கட்சிக்காரர்கள் நெருக்கியபோது, தேவையில்லை என்று மறுத்தார். 1974இல் பதவி போயிற்று. பிறகு நிசானோடு கூட்டுச் சேர்ந்து, ஜப்பானிய உடலில் ஆல்ஃபா இன்ஜினைப் பூட்டிய ஆர்னா அதே வட்டாரத்தில்தான் உருவானது. ஜப்பானிய உறுதியையும் இத்தாலிய அழகையும் சேர்த்திருக்கலாம். ஒவ்வொன்றிலிருந்தும் பலவீனமானதை எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தோல்வியை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் முதலாளி 1954இலும் அரசு, 1983இலும் அரசு. உடைமை ஒன்றாகவே இருக்க விளைவு தலைகீழானது என்றால், காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டும். லுராகியை வெளியேற்றிய அந்த முடிவில் அது கிடைக்கிறது.

1986இல் ஐ.ஆர்.ஐ. ஆல்ஃபாவை ஃபோர்டுக்குக் கொடுக்காமல் ஃபியட்டுக்கு விற்றது. ஃபியட் காலத்திலும் நல்ல கார்கள் வந்தன. 1998இன் ஐரோப்பியக் கார் விருது பெற்ற 156 அதற்குச் சாட்சி. அந்தக் காரின் உயர்ரகத்தில் பூட்டியிருந்த இன்ஜினையும் பாருங்கள். ஆறு சிலிண்டர்களுக்குக் காற்று கொண்டுபோகும் ஆறு பளபளப்பான குழாய்களுடன், ஓசைக்காகவே ரசிகர்கள் தேடிப்போகும் அந்த வி6, ஜுசெப்பே புஸ்ஸோ அரசு நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்தபோது உருவாக்கியது. 1979இல் வெளிவந்த அது, தனியார் முதலாளியின் கீழ் 2005 வரை அரேஸே ஆலையில் உற்பத்தியானது. அத்துடன் அந்த ஆலையின் வேலையும் ஏறக்குறைய முடிந்தது.

அதே அரேஸேயில் 1976இல் திறந்த ஆல்ஃபாவின் அருங்காட்சியகம் பிறகு மூடிக்கிடந்தது. சேகரிப்பிலுள்ள கார்கள் கைமாறிப்போகும் என்ற அச்சம் பரவியது. 2011இல் இத்தாலியப் பண்பாட்டு அமைச்சகம் அந்தச் சேகரிப்பைப் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. பிரித்து விற்கத் தடை வந்தது. 2015 ஜூன் 24 அன்று, நிறுவனம் பிறந்த நாளில், அருங்காட்சியகம் மீண்டும் திறந்தது. 158ம், ஜூலியெட்டா ஸ்பிரிண்ட்டும் இன்று அங்கே ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன.