மலிவுக் கதை இதழ்களும் வாசக ஆர்வலர் ஏடுகளும்

முன்னுரை

இலக்கிய வரலாறு பெரும்பாலும் படைப்பாளர் வரலாறாகவே எழுதப்பெற்று வந்துள்ளது. வாசித்தோர் விட்டுச்சென்ற சான்றுகள் குறைவு என்பதே இதற்குக் காரணம் எனலாம். மரக்கூழ்த் தாளில் அச்சிடப்பெற்று, படித்தபின் எறியப்பட்ட மலிவுக் கதை இதழ்களில் இக்குறை மேலும் மிகுதி. அவற்றைப் பற்றி வாசகர்களே நடத்திய ஓர் ஏட்டின் வரலாற்றையும், தமிழ்ச்சூழலில் அதற்கு இணையாக நிகழ்ந்தவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வாசகர் ஏட்டின் தோற்றம்

அமெரிக்காவில் 1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் அறிவியல் புனைகதை இதழைத் தொடங்கினார். அதன் கடிதப் பகுதியில் வாசகர்களின் முகவரிகளும் வெளியிடப்பட்டன. ஒருவரையொருவர் அறியாத வாசகர்கள் இதனால் நேரடியாக மடல் எழுதிக்கொண்டனர். அவ்வுறவின் விளைவாக 1930 மே மாதம் 'தி காமெட்' வெளிவந்தது. எனினும் அது அறிவியல் செய்திகளுக்கே முதன்மை அளித்தது.

கதை இதழ்களையே பொருளாகக் கொண்ட ஏடு 1932 ஜனவரியில் நியூயார்க்கில் தோன்றிய 'தி டைம் டிராவலர்' ஆகும். ஆலன் கிளாசர், மார்ட் வைசிங்கர், ஜூலியஸ் சுவார்ட்ஸ் ஆகியோர் இதனை நடத்தினர். பின்னிருவரும் அப்போது பதின்பருவத்தினர். வரவிருக்கும் கதைகள், எழுத்தாளர் பற்றிய செய்திகள், பட்டியல்கள் ஆகியன இதில் இடம்பெற்றன. இம்முயற்சி அவ்வாண்டிலேயே 'சயன்ஸ் ஃபிக்‌ஷன் டைஜஸ்ட்' எனவும், 1934இல் 'ஃபேன்டசி மேகசின்' எனவும் வளர்ந்து, 1937இல் நின்றது. வைசிங்கர் 1936இல் 'திரில்லிங் வொண்டர் ஸ்டோரீஸ்' இதழின் ஆசிரியப் பொறுப்பேற்றார். வாசகன் ஆசிரியனாக உயர்ந்தமைக்கு இது தக்க சான்று. இத்தகைய ஏடுகளைச் சுட்டும் 'ஃபேன்சைன்' என்ற சொல்லை 1940இல் ரசல் சாவ்னே உருவாக்கினார்.

தமிழ்ச்சூழல்

தமிழிலும் மலிவுக் கதை வாசிப்பு வலுவாகவே இருந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் துப்பறியும் நாவல்களும், வை.மு. கோதைநாயகி 1925 முதல் நடத்திய 'ஜகன்மோகினி'யும் இதற்குச் சான்றுகள். எளிய செலவில் ஏடு நடத்தும் மரபும் இங்கு உண்டு. 1940களின் தொடக்கத்தில் திருவாரூரில் மாணவராயிருந்த மு. கருணாநிதி நடத்திய 'மாணவ நேசன்' ஒரு கையெழுத்து இதழே ஆகும். ஆயின் இம்மரபு பெரிதும் இலக்கியத்தையும் அரசியலையும் சார்ந்தே வளர்ந்தது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' போன்ற சிற்றிதழ்கள் வெகுசன இரசனைக்கு மாற்றாகவே தம்மை நிறுவிக்கொண்டன.

இவ்விரு உலகங்களையும் இணைத்த ஒரு புள்ளியைத் தில்லியில் காணமுடிகிறது. அங்கு 1965இல் கஸ்தூரிரங்கன் தொடங்கிய 'கணையாழி'யில் சுஜாதா கடைசிப் பக்கத்தை எழுதினார். அவரே 'குமுதம்' இதழில் 'நைலான் கயிறு' என்னும் துப்பறியும் தொடரையும் எழுதினார். எனினும் இது ஓர் எழுத்தாளரின் இருவேறு பணிகளே. வாசகர்களின் இயக்கம் அன்று.

சேகரிப்பாளரின் பங்களிப்பு

அமெரிக்காவில் ஆர்வலர் ஏடு ஆற்றிய காப்புப் பணியைத் தமிழில் தனிமனிதச் சேகரிப்பாளர் ஆற்றினர். பெயர்ப்பலகை ஓவியரான கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களுடன் இதழ்கள், துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றையும் தொகுத்தார். 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. கல்வியுலகம் பொருட்படுத்தாத பலவும் இதனாலேயே எஞ்சின.

முடிவுரை

சேகரிப்பு நூலைக் காக்கிறது. ஆர்வலர் ஏடோ வாசிப்பையும் காக்கிறது. எந்தக் கதை விவாதிக்கப்பட்டது, எது வெறுக்கப்பட்டது, எந்த எழுத்தாளருக்காக வாசகர் காத்திருந்தனர் என்பன ஏட்டில் மட்டுமே பதிவாகின்றன. தமிழில் நூல்கள் ஓரளவு எஞ்சியுள்ளன. அவற்றைச் சுற்றி நிகழ்ந்த பேச்சு பெரிதும் பதிவாகவில்லை. வாடகை நூலகங்களிலும் பேருந்து நிலையக் கடைகளிலும் இவற்றைத் தேடிப் படித்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. இதழ்களின் வாசகர் கடிதங்களைத் தொகுப்பதும், அவ்வாசகர்களின் நினைவுகளை வாய்மொழியாகப் பதிவுசெய்வதும் தமிழாய்வின் உடனடிக் கடமைகளாகும். தாள் மக்குவதற்கு முன்னரே நினைவு மறைந்துவிடும் என்பது கருதத்தக்கது.