தெருவால் கூடுவோர், தவிப்பால் கூடுவோர்

குன்னத்தூரிலிருந்து திருப்பூர் வரை பனியன் கம்பெனிகளை நம்பி வாழும் வீடுகளுக்கு வாரம் என்பது சனிக்கிழமைச் சம்பளத்தில் முடிந்து, அதிலேயே தொடங்குவது. கடன் தவணை, டாஸ்மாக், கணவன் மனைவி சண்டை எல்லாம் அந்தச் சம்பளத்தை ஒட்டியே மூள்கின்றன. வாரத்துக்கொரு முறை கூடி மனம்விட்டுப் பேசும் ஏற்பாடு இப்பகுதிக்கு இயல்பாகவே பொருந்துகிறது. கிறித்தவ ஆலயங்களை ஒட்டித் தமிழ்நாட்டில் வேர்விட்ட அத்தகைய கூட்டங்களில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்வோம்: ஒன்று கத்தோலிக்கப் பங்குகளின் அன்பியம், மற்றொன்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனப்படும் ஏ.ஏ. கூட்டம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். அன்பியம் திருச்சபையின் அமைப்பு. ஆனால் அது ஆலயத்தை விட்டு வெளியேறி உறுப்பினர் வீடுகளில் கூடுகிறது. ஏ.ஏ. எந்த மதத்தையும் சாராத அமைப்பு. ஆனால் அதன் குழுக்கள் பல, ஆலய வளாகத்து அறையொன்றில் கூடுகின்றன. சமயக் கூட்டம் எந்த வாசல் வழியே வெளியே போகிறதோ, அதே வாசல் வழியே சமயம் சாராத கூட்டம் உள்ளே வருகிறது.

சேர்க்கும் அளவுகோலும் நேரெதிர். அன்பியத்தில் உங்களைச் சேர்ப்பது உங்கள் தெரு. இருபது முப்பது குடும்பங்கள் அடுத்தடுத்து வசிப்பதே அங்கே உறவு. ஏ.ஏ.வில் உங்களைச் சேர்ப்பது உங்கள் தவிப்பு. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அங்கே தகுதி. முன்னதில் எல்லோருக்கும் உங்கள் வீடு தெரியும். பின்னதில் உங்கள் முழுப் பெயர்கூட யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவு வேறுபட்ட இரண்டும் ஒரே விதியில் சந்திக்கின்றன என்பதே வியப்பு. அன்பியங்களில் பரவலாகப் பின்பற்றப்படும் ஏழு படி விவிலியப் பகிர்வு முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவானது. அதன் பகிர்வுப் படியில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் விவாதிக்கக் கூடாது. மறையுரையும் ஆற்றக் கூடாது. ஏ.ஏ. குழுக்கள் பலவற்றிலும் இதே வழக்கம்: ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் தம் கதையைச் சொல்வாரே தவிர, முந்தையவருக்குப் பதிலோ அறிவுரையோ சொல்லமாட்டார். கஷ்டத்தைச் சொன்ன மறுநொடியே பத்துப் பேர் யோசனை சொல்லும் நம் ஊர்ச் சூழலில், குறுக்கிடாமல் கேட்பதையே விதியாக்கியது இவ்விரண்டின் அரிய சாதனை.

ஏ.ஏ.வுக்கும் கிறித்தவ மரபுக்கும் இடையிலான இந்த ஒற்றுமை தற்செயலானதா? 1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில் ஏ.ஏ. பிறந்தபோது, அதன் நிறுவனர்கள் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறித்தவ இயக்கத்தோடு தொடர்பில் இருந்தனர். 1940இல் எட்வர்ட் டௌலிங் என்ற இயேசு சபைத் துறவி, ஏ.ஏ. நிறுவனர்களில் ஒருவரான பில் வில்சனைத் தேடிச் சென்றார். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளில் தம் சபை நிறுவனர் இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளின் சாயலைக் கண்டே அவர் போனார். வில்சனுக்கோ அந்தப் பயிற்சிகளைப் பற்றி எதுவும் தெரியாது. அந்தச் சாயலுக்கு ஓர் எடுத்துக்காட்டு: தன் பிழைகளை இன்னொரு மனிதரிடம் ஒப்புக்கொள்வது ஏ.ஏ.வின் ஐந்தாம் படி.

முடிவிலும் ஒற்றுமை உண்டு. அன்பியத்தின் ஆறாம் படி, பக்கத்து வீட்டு நோயாளிக்கோ வேலையிழந்தவருக்கோ என்ன செய்யலாம் என்று கூடித் தீர்மானிப்பது. ஏ.ஏ.வின் பன்னிரண்டாம் படி, தான் பெற்ற மீட்பை இன்னொரு குடிநோயாளியிடம் கொண்டு சேர்ப்பது. இரண்டுமே தன் துயரத்திலிருந்து பிறர் துயரத்துக்கு நகர்வதை நலத்தின் ஒரு பகுதியாகக் கருதுகின்றன.

ஆனால் குன்னத்தூர் போன்ற ஊரில் ஒவ்வொன்றின் பலமும் ஒரு தடையைச் சந்திக்கிறது. அன்பியத்துக்கு நிலையான அயலார் வேண்டும். லைன் வீடுகளிலும் கம்பெனி விடுதிகளிலும் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். தென்மாவட்டத்தாரும் ஒடிசா, பீகார்த் தொழிலாளரும் ஒரே தெருவில் இருந்தாலும் ஒரே மொழியில் இல்லை. ஏ.ஏ.வுக்கு அறியப்படாமை வேண்டும்; சிற்றூரிலோ கூட்டத்துக்கு வருபவரின் வண்டியை வாசலில் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே சிற்றூர்க்காரருக்கு நகரத்து ஏ.ஏ. அறையும், நகரத்தில் தனித்துவிட்ட புலம்பெயர்ந்தவருக்கு அன்பியத்தின் தெருவுறவும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

இரண்டிலும் பெண்ணின் இடத்தைக் கவனிக்க வேண்டும். அன்பியத்தில் பெண்களே பெரும்பாலும் முன்னிற்கிறார்கள். ஆயினும் கணவனின் குடியை அயலார் முன் சொல்லத் தயங்குகிறார்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென 1951இல் உருவான அல்-அனான் அந்தத் தயக்கத்துக்கான விடை. அன்பியத் தலைவி அதன் முகவரியைத் தெரிந்துவைத்திருந்தாலே இரு மரபுகளும் கைகோத்துவிடும்.

இரண்டும் மருத்துவத்துக்கு மாற்றல்ல. தற்கொலை எண்ணம் உள்ளவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணைத் தருவதும் எந்தக் கூட்டத்துக்கும் கடமை. அதற்கு முந்தைய படியை, அதாவது வாய்திறந்து சொல்லும் துணிச்சலை, இவை தருகின்றன. பெயர் தெரிந்தவர்கள் நடுவே சொல்ல முடிந்தவற்றுக்கு ஓர் இடமும், பெயர் தெரியாதவர்கள் நடுவே மட்டுமே சொல்ல முடிந்தவற்றுக்கு ஓர் இடமும் ஒரே ஊருக்கு வேண்டும். ஒன்றைத் தேர்ந்து மற்றதை விலக்குவதைவிட, ஒரே பங்கு இரண்டுக்கும் இடம் கொடுப்பதே அறிவுடைமை.